ஓடைப்பட்டியில் ஓடாத ‘ஈரம்’

மகிமா பதினொரு வருடமாகத் திராட்சை விவசாயிகள் சங்கத்தின் கணினிகளைப் பார்த்துக்கொண்டிருந்தாள். சங்கத்துக்குத் தேனியில் தலைமை அலுவலகம். சின்னமனூர், கம்பம், ஓடைப்பட்டி என்று மூன்று ஊர்களில் கிளைகள். எந்தக் கிளையில் பிரிண்டர் மக்கர் செய்தாலும், யாருக்குப் பாஸ்வேர்டு மறந்துபோனாலும் அவளுக்குத்தான் போன் வரும். அவள் கணவர் பொன்னுராஜ் தேனி பஜாரில் பாத்திரக்கடை வைத்திருந்தார். ஞாயிற்றுக்கிழமை ஆராதனைக்குப் புறப்பட்டுச் செருப்பு மாட்டும்போதும் அவளுடைய போன் அடிக்கும். “ஒன்னைய விட்டா அந்தச் சங்கத்துல ஆளே இல்லையா?” என்று அவர் கேட்பார். மகிமா அலுத்துக்கொள்வாள். ஆனால் அந்தக் கேள்வி அவளுக்குப் பிடித்திருந்தது.

சங்கத்துக்காக அவள் ஒரு மென்பொருளும் எழுதியிருந்தாள். ‘தோட்டத் துணை’ என்று பெயர். கலர் கலராகப் பொத்தான்கள், ஒவ்வொரு பொத்தானிலும் ஒரு திராட்சைக் கொத்துப் படம். கொடியைக் கவாத்து வெட்டிய தேதியைக் கொடுத்தால் எந்த நாளில் என்ன மருந்து அடிக்க வேண்டும் என்று காட்டும். வேலை முடிந்து வீட்டுக்கு வந்த பிறகும் உட்கார்ந்து, இரண்டு வருடம் செலவழித்து அதைச் செய்தாள். விண்டோஸ் கணினியில் மட்டும் ஓடும். மழை, ஈரம் பற்றிய கணக்கெல்லாம் மாவட்டத்துக்கு ஒன்றாக வரும் முந்தைய நாள் விவரத்தை வைத்துத்தான். அது போதும் என்று எல்லோரும் நினைத்துக்கொண்டிருந்தார்கள், ஷெரின் வரும் வரைக்கும்.

ஷெரினுக்கு இருபத்தாறு வயது. கூடலூர்க்காரி, அம்மாவுக்குக் குமுளி. அதனால் பேச்சில் அங்கங்கே மலையாளம் எட்டிப்பார்க்கும். ஜூன் மாதம் வேலைக்குச் சேர்ந்த முதல் நாளே மகிமாவை “சேச்சி” என்று கூப்பிட்டாள். அந்த வருடம் சங்கம் பதினெட்டுத் தோட்டங்களில் கம்பம் நட்டு, இலையில் எவ்வளவு நேரம் ஈரம் தங்குகிறது என்று அளக்கும் கருவிகளைப் பொருத்தியிருந்தது. அந்தக் கருவிகள் அனுப்பும் எண்கள் யாரும் தொடாமல் கிடந்தன. ஷெரின் அவற்றை எடுத்து மூன்று வாரத்தில் ‘ஈரம்’ என்று ஒரு செயலி எழுதிவிட்டாள்.

அதற்குப் பொத்தானும் கிடையாது, படமும் கிடையாது. டெர்மினல் என்கிற கறுப்புத் திரையைத் திறக்க வேண்டும். ஆங்கில எழுத்தில் ‘ஈரம்’ என்று தட்டி, பக்கத்தில் தோட்டத்தின் எண்ணைத் தட்ட வேண்டும். நான்கு வரி வரும். நான்கும் தமிழில். கடைசி வரியில் முடிவு இருக்கும், மருந்து தேவையில்லை என்றோ, இன்று மாலைக்குள் அடிக்கவும் என்றோ. செவட்டை நோய்க்கு அந்த ஒரு வரிதான் முக்கியம். இலையில் ஈரம் தங்கிய சில மணி நேரத்தில் நோய் ஏறிவிடும். இலைக்கு அடியில் வெள்ளையாகப் பூத்து, பிறகு சிவந்து கருகுவதைக் கண்ணால் பார்ப்பதற்குள் வாரம் ஓடியிருக்கும்.

செயலாளர் பேச்சிமுத்து கூட்டத்தில் அதை ஓட்டிக் காட்டச் சொன்னார். ஷெரின் விசைப்பலகையைப் பார்க்காமலே தட்டினாள். நான்கு வரி வந்ததும் பின்வரிசையில் இருந்த இரண்டு விவசாயிகள் எழுந்து முன்னால் வந்து குனிந்து படித்தார்கள்.

“எந்தக் கம்ப்யூட்டர்ல போட்டாலும் ஓடுமாத்தா?” என்று பேச்சிமுத்து கேட்டார்.

“விண்டோஸ், லினக்ஸ், மேக், மூணுலயும் ஓடும் சார்.”

எல்லோரும் கை தட்டினார்கள். மகிமாவும் தட்டினாள். தட்டிக்கொண்டே திரையில் தப்பு ஏதாவது இருக்கிறதா என்று தேடினாள். கிடைத்தது. பந்தல் என்பதை ஷெரின் ‘பந்தள்’ என்று எழுதியிருந்தாள்.

“எழுத்துப் பிழை இருக்கே,” என்றாள் மகிமா, எல்லோருக்கும் கேட்கும்படி.

“ஐயோ, ஆமா சேச்சி. தாங்ஸ்.” ஷெரின் அங்கேயே உட்கார்ந்து ஒரு நிமிடத்தில் திருத்திவிட்டாள். அதற்கும் யாரோ “கெட்டிக்காரப் புள்ள” என்றார்கள்.

அன்று முதல் மகிமாவுக்கு அலுவலகத்தில் கண்ணில் பட்டதெல்லாம் ஷெரின்தான். டீ முதலில் யார் மேசைக்குப் போகிறது என்று பார்த்தாள். பேச்சிமுத்து யாரிடம் குனிந்து பேசுகிறார் என்று பார்த்தாள். ஷெரின் இல்லாதபோது அவளுடைய நிரலைத் திறந்து வரிவரியாகப் படித்தாள், ஒரு ஓட்டையாவது கிடைக்கும் என்று. சுத்தமாக எழுதியிருந்தாள். தான் நாற்பது வரி எழுதியிருக்கக்கூடிய இடத்தில் அவள் ஆறு வரி எழுதியிருந்தாள். மகிமா கோப்பை மூடினாள். 

வீட்டில் பொன்னுராஜிடம், “புதுசா வந்த பிள்ளை கொஞ்சம் அவசரக்காரி. எல்லாத்தையும் மேலோட்டமாச் செய்யுது” என்றாள். அவர், “அப்படியா?” என்றதோடு விட்டுவிட்டார். அவர் இன்னும் இரண்டு கேள்வி கேட்டிருக்கலாம் என்று இருந்தது அவளுக்கு.

அக்டோபர் முதல் வாரம் பேச்சிமுத்து மகிமாவைக் கூப்பிட்டார். கவாத்து முடிந்து கொடியெல்லாம் துளிர்த்துப் பூ வைக்கிற நேரம் அது.

“மூணு கிளையிலயும் ஈரத்தப் போட்டுக் குடுத்துரும்மா. எல்லா எடமும் ஒனக்குத்தான் தெரியும். ஷெரின் எப்படிப் போடணும்னு எழுதி வச்சிருக்கு.”

ஷெரின் மூன்று பக்கம் அச்சடித்துக் கொடுத்தாள். லினக்ஸுக்கு ஒரு பக்கம், மேக்குக்கு ஒன்று, விண்டோஸுக்கு ஒன்று. “நானும் வரட்டா சேச்சி?” என்று கேட்டாள்.

“வேணாம். நான் போடாத கம்ப்யூட்டரா அங்கன இருக்கு?”

மறுநாள் காலை மகிமா ஸ்கூட்டியில் புறப்பட்டாள். வீரபாண்டி தாண்டி, கோட்டூர் தாண்டிச் சின்னமனூர் போய்ச் சேரும்போது மணி பத்து. அங்கே கிளை எழுத்தர் வேல்விழி காத்திருந்தாள். அந்த அலுவலகத்துக் கணினி பழசு. விண்டோஸ் இழுக்க மாட்டாமல் தவித்ததால் போன வருடம் மகிமாதான் அதில் லினக்ஸ் போட்டிருந்தாள். அதிலிருந்து ‘தோட்டத் துணை’ அங்கே ஓடாது. வேல்விழி தினமும் ஓடைப்பட்டிக்குப் போன் செய்து கேட்டு எழுதிக்கொள்வாள்.

ஈரத்தை அதில் ஏற்ற நான்கு நிமிடம் ஆனது. செயலியின் கோப்பை இறக்கி, அது இயங்குவதற்கு அனுமதி கொடுத்து, மற்ற நிரல்கள் இருக்கும் இடத்துக்கு நகர்த்த வேண்டும். மூன்றே மூன்று கட்டளை. வேல்விழி தோட்ட எண்ணைத் தட்டிப் பார்த்தாள்.

“அவ்வளவுதானாக்கா? இனி ஓடைப்பட்டிக்குப் போன் போட வேண்டாமா?”

“வேண்டாம்.”

“அப்பாடா. அந்தப் பொண்ணு நல்லா இருக்கணும்.”

மகிமா ஸ்கூட்டியை எடுத்தாள். போன வருடம் இதே கணினிக்கு உயிர் கொடுத்தபோது வேல்விழி தன்னை நல்லா இருக்கணும் என்று சொன்னாளா என்று உத்தமபாளையம் வரைக்கும் யோசித்துக்கொண்டே போனாள்.

கம்பத்தில் கிளைப் பொறுப்பு டாக்டர் ஈஸ்வரபாண்டியிடம் இருந்தது. கண் டாக்டர். இரண்டு ஏக்கரில் பன்னீர் திராட்சை போட்டிருந்தார். அவரிடம் இருந்தது மேக் மடிக்கணினி. செயலியைத் திறந்ததும், இதை உருவாக்கியவரைச் சரிபார்க்க முடியவில்லை, திறக்க முடியாது என்று ஒரு அறிவிப்பு வந்தது. டாக்டர் கண்ணாடியை இறக்கிப் பார்த்தார்.

“என்னம்மா, வைரஸா?”

“இல்ல டாக்டர். காசு கட்டிப் பதிவு பண்ணாத செயலி எதுவா இருந்தாலும் மேக் இப்படித்தான் சொல்லும். நமக்கு யாரு பண்ணுனதுன்னு தெரியுமே.” அமைப்புகளுக்குள் போய் அனுமதி கொடுத்தாள். ஓடியது. டாக்டருக்கு முன்னால் தடுமாறி நிற்க அவளுக்கு மனமில்லை.

டாக்டர் தன் தோட்டத்தின் நான்கு வரியைப் படித்தார். முகம் மலர்ந்துவிட்டது. “ஒங்க சாப்ட்வேர மேக்ல போட முடியாதுன்னு சொல்லிட்டீங்க. ரெண்டு வருஷமா பக்கத்து வீட்டுக் கம்ப்யூட்டர்ல போய்ப் பாத்துட்டு வந்தேன். இது யாரு பண்ணுனது? அந்தப் பொண்ணு நம்பர் இருக்கா?”

மகிமா நம்பர் கொடுத்தாள். அவர் அங்கேயே வீடியோ அழைப்பு போட்டார். ஷெரினும் அவரும் கருவியின் உயரம், இலையின் ஈரம் என்று கால் மணி நேரம் பேசினார்கள். டாக்டர் வீட்டில் கொடுத்த காப்பி டம்ளரைக் கையில் வைத்துக்கொண்டு மகிமா நின்றுகொண்டிருந்தாள். காப்பி ஆறிவிட்டது. கிளம்புகிறேன் என்று அவள் சொன்னபோது டாக்டர் திரையிலிருந்து கண்ணை எடுக்காமல் தலையை ஆட்டினார்.

ஓடைப்பட்டிக்குப் போய்ச் சேரும்போது நான்கு மணி. கிளைத் தலைவி பொன்னாத்தாள். ஐம்பது வயதைத் தாண்டியவள், மூன்று ஏக்கர் விதையில்லாத் திராட்சை. எட்டாவதோடு நின்றவள் என்றாலும் மகிமாவிடம் கேட்டுக் கேட்டுக் கணினி பழகியிருந்தாள். ஊரில் இருபது பேருக்கு அவள்தான் ‘தோட்டத் துணை’யைப் பார்த்துச் சொல்வாள். அன்று ஐந்தாறு விவசாயிகள் புதுச் செயலியைப் பார்க்க வந்து பெஞ்சில் உட்கார்ந்திருந்தார்கள்.

மகிமா கோப்பை இறக்கி இரண்டு முறை சொடுக்கினாள். திரை முழுக்க நீலமாக ஒரு பலகை வந்தது. உங்கள் கணினியை விண்டோஸ் பாதுகாத்திருக்கிறது, இது அறியப்படாத செயலி, இதை இயக்கினால் கணினிக்கு ஆபத்து வரலாம் என்று இருந்தது. கீழே ‘இயக்க வேண்டாம்’ என்று ஒரே ஒரு பொத்தான்.

ஷெரினின் தாளில் இது இருந்தது. இந்தப் பலகை வரும், பயப்பட வேண்டாம், ‘மேலும் தகவல்’ என்ற சின்ன எழுத்தைச் சொடுக்கினால் ‘எப்படியும் இயக்கு’ என்று இன்னொரு பொத்தான் வரும் என்று எழுதி அடிக்கோடு இட்டிருந்தாள். தாளைப் பார்க்க வேண்டிய அவசியமும் மகிமாவுக்கு இல்லை. ‘தோட்டத் துணை’யைப் போட்ட அன்றும் இதே பலகை இதே கணினியில் வந்தது. அன்று யாரும் வருவதற்கு முன்னால் அவள் அதைச் சொடுக்கி அனுப்பிவிட்டாள்.

“என்ன தாயி, நீலமா என்னமோ வருது?” என்று பொன்னாத்தாள் கேட்டாள்.

மகிமாவின் கை மவுஸில் இருந்தது. “இது யாரு பண்ணுனதுன்னு தெரியலையாம்க்கா. போட்டா கம்ப்யூட்டருக்கு ஆபத்து வரலாம்னு சொல்லுது.”

பெஞ்சில் இருந்தவர்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.

“நீ என்ன சொல்லுற?”

“நான் என்னத்தச் சொல்ல. கம்ப்யூட்டரே சொல்லுது. நீங்க போடச் சொன்னா போடுறேன்.”

பொன்னாத்தாள் தலையை ஆட்டி மறுத்தாள். “வேணாம். பழசே இருக்கட்டும். ஓம் புரோகிராமுக்கு இப்படி ஒருநாளும் வந்ததில்ல. சின்னப் பிள்ளைக அவசரத்துல என்னத்தையாச்சும் செஞ்சிருக்கும்.”

மகிமா அந்த ஒற்றைப் பொத்தானை அழுத்தினாள். பலகை மறைந்தது. காலையிலிருந்து நெஞ்சில் இருந்த கனம் அப்போதுதான் இறங்கியது. பொன்னாத்தாள் கொடுத்த முறுக்கை ரசித்துத் தின்றாள். தான் ஒரு பொய்யும் சொல்லவில்லை, திரையில் இருந்ததைத்தான் படித்தேன் என்று திரும்பி வரும் வழியெல்லாம் தனக்கே சொல்லிக்கொண்டாள்.

பொய்யை மறுநாள் சொன்னாள். “மூணு எடத்துலயும் போட்டாச்சுண்ணே” என்று பேச்சிமுத்துவிடம் சொன்னாள். அவர் “சந்தோசம்” என்றார்.

கிளைகளில் யார் ஈரத்தை ஓட்டினாலும் தேனிக் கணினியிலிருந்துதான் எண்கள் போகும். அதனால் எங்கே எத்தனை முறை ஓடியது என்று ஷெரினுக்குத் தெரியும். நான்கு நாள் கழித்து அவள் மகிமாவின் மேசைக்கு வந்தாள்.

“சேச்சி, ஓடைப்பட்டியில இருந்து ஒரு தடவகூட வரலையே.”

“அங்கன நெட்டு சரியில்ல. ஆளுகளும் மெதுவாத்தான் பழகுவாக.”

“நான் ஒரு எட்டுப் போய்ப் பாத்துட்டு வரட்டா?”

“நான் பாத்துக்கிடுறேன். நீ ஒன் வேலையப் பாரு.”

ஷெரின் அதை நம்பிப் போனாள். அவள் நம்பியதும் மகிமாவுக்கு எரிச்சலாக இருந்தது.

அக்டோபர் மூன்றாம் வாரம் மேகமலைப் பக்கமிருந்து மூட்டம் இறங்கியது. பெரிய மழை இல்லை. தூறலும் பனியுமாக இரண்டு நாள் வெயிலே தலைகாட்டவில்லை. செவ்வாய்க்கிழமை காலை சின்னமனூரிலும் கம்பத்திலும் ஈரம் சொன்னது, இன்று மாலைக்குள் அடிக்கவும். வேல்விழி எல்லோருக்கும் போன் போட்டாள். டாக்டர் மருத்துவமனையைப் பாதியில் மூடிவிட்டுத் தோட்டத்துக்குப் போனார்.

மகிமா தன் கணினியில் டெர்மினலைத் திறந்தாள். பொன்னாத்தாளின் தோட்டத்துக்கு எண் ஏழு. தட்டினாள். இலையில் ஈரம் பதினோரு மணி நேரம். இன்று மாலைக்குள் அடிக்கவும்.

போனை எடுத்தாள். என்ன சொல்வது? மருந்து அடிங்கக்கா என்று சொன்னால், எப்படித் தெரியும் என்று கேட்பாள். ஈரம் சொன்னது என்றால், அது ஆபத்து என்றாயே என்பாள். தன் ‘தோட்டத் துணை’யைத் திறந்து பார்த்தாள். அது மாவட்டத்து மழையைப் பார்த்து, பயப்பட ஒன்றுமில்லை என்று பச்சை நிறத்தில் காட்டியது. பொன்னாத்தாள் முப்பது வருடமாகத் திராட்சை போடுகிறவள், வானத்தைப் பார்த்துத் தானே அடித்துவிடுவாள் என்று நினைத்தாள். போனைக் கீழே வைத்தாள். பத்து நிமிடம் கழித்து மறுபடி எடுத்தாள். அப்போது பக்கத்து அறையில் பேச்சிமுத்து போனில் யாரிடமோ, “எல்லாம் நம்ம ஷெரின் பண்ணுன வேலை” என்று சொல்வது கேட்டது. மகிமா போனைப் பைக்குள் போட்டு மூடினாள்.

அடுத்த புதன்கிழமை பொன்னாத்தாளிடமிருந்து அழைப்பு வந்தது. குரல் தாழ்ந்திருந்தது.

“தாயி, செவட்டை விழுந்திருச்சு. ரெண்டு ஏக்கர்ல பூவெல்லாம் கருகிப்போச்சு. ஓம் புரோகிராமு பயப்பட ஒண்ணுமில்லன்னுச்சே. நான் எதுவும் தப்பா அமுக்கிட்டனா? எங்கிட்டக் கேட்டுத்தான் இருவது பேரும் அடிக்காம இருந்தாக. அதான் கேக்குறேன்.”

 “வாரேங்க்கா” என்று மட்டும் மகிமா சொன்னாள். அலுவலகத்தில் யாரிடமும் சொல்லாமல் ஸ்கூட்டியை எடுத்தாள்.

பந்தலுக்கு அடியில் குனிந்துதான் நடக்க முடிந்தது. இலைகளில் எண்ணெய் சிந்தியதுபோல மஞ்சள் திட்டுகள். ஒரு இலையைத் திருப்பினாள், அடியில் வெள்ளைப் பொடி. பிஞ்சாக வேண்டிய பூங்கொத்துகள் பழுப்பாகச் சுருண்டு தொங்கின, தொட்டதும் உதிர்ந்தன. மருந்து அடித்துக்கொண்டிருந்த ஆட்கள் விசைத்தெளிப்பானை நிறுத்திவிட்டு அவளைப் பார்த்தார்கள். கிழக்கே ஒரு ஏக்கர் மட்டும் தாமதமாகக் கவாத்து வெட்டியதால் தப்பியிருந்தது.

“நீங்க தப்பா அமுக்கலக்கா,” என்றாள் மகிமா. “எம் புரோகிராமுக்கு இந்தத் தோட்டத்து ஈரம் தெரியாது. ஈரத்துல தெரிஞ்சுச்சு. செவ்வாக்கெழம காலையிலயே தெரிஞ்சுச்சு. நான் பாத்தேன்.”

பொன்னாத்தாளுக்குப் புரியவில்லை. மகிமா முழுவதையும் சொன்னாள். அந்த நீலப் பலகை எந்தப் புதுச் செயலிக்கும் வரும் என்பதை, தன் மென்பொருளுக்கும் வந்ததை, தெரிந்தே சொல்லாமல் விட்டதை, செவ்வாய்க்கிழமை போனைக் கையில் எடுத்து வைத்ததை. சொல்லும்போது அழவில்லை. அழுதால் அவள் தன்னைத் தேற்ற வேண்டியிருக்கும் என்று அடக்கிக்கொண்டாள்.

“எதுக்குச் செஞ்ச?” என்று பொன்னாத்தாள் கேட்டாள்.

“அந்தப் பிள்ளை மேல பொறாமை.”

“அவ மேல பொறாமைன்னா அவகூடல்ல சண்ட போட்டிருக்கணும். ஏங் கொடி ஒன்னைய என்ன பண்ணுச்சு?”

 பொன்னாத்தாள் ஆட்களைப் பார்த்து அடிக்கச் சொல்லிக் கையைக் காட்டினாள். தெளிப்பான் மறுபடி இரைந்தது. அந்த இரைச்சலில் அவள் மகிமாவின் பக்கத்தில் வந்து சொன்னாள். “ஷெரின வரச் சொல்லு. அது வந்து போட்டுக் குடுக்கட்டும். நீ அந்தக் கம்ப்யூட்டரத் தொடாத.”

மறுநாள் ஷெரின் சின்னமனூர்ப் பேருந்து நிலையத்தில் வந்து இறங்கினாள். மகிமா ஸ்கூட்டியோடு நின்றுகொண்டிருந்தாள். ஏறு என்று சொல்லாமல், அங்கேயே நிழலில் நிறுத்தி நடந்ததையெல்லாம் சொன்னாள்.  ஷெரின் தோளில் தொங்கிய மடிக்கணினிப் பையின் வாரை இறுக்கிப் பிடித்தபடி கேட்டுக்கொண்டிருந்தாள்.

“நான் கேட்டேனே,” என்றாள் கடைசியில். “நான் போய்ப் பாக்கட்டான்னு கேட்டேனே. போயிருந்தா அன்னைக்கே சரி பண்ணிருப்பேன். செவ்வாக்கெழமைக்கு முன்னாடி.”

“ஆமா.”

“நான் ஒங்களுக்கு என்ன பண்ணேன்?”

“ஒண்ணும் பண்ணல. நீ நல்லாப் பண்ணுன. அதான்.”

ஷெரின் சாலையைப் பார்த்தாள். ஓடைப்பட்டி போகிற மினிபஸ் புறப்படத் தயாராக இருந்தது. “நான் பஸ்ல வாரேன் மேடம்,” என்று சொல்லிவிட்டு ஏறிப் போனாள். சேச்சி என்று அதன் பிறகு அவள் ஒருநாளும் மகிமாவைக் கூப்பிடவில்லை.

கிளை அலுவலகத்தில் அன்று இருபது பேரும் வந்திருந்தார்கள். பொன்னாத்தாள் மகிமாவைப் பார்த்தாள். மகிமா எழுந்து நின்று, முந்தைய நாள் பந்தலுக்கு அடியில் சொன்னதை எல்லோர் முன்னாலும் சொன்னாள். ஒரு பெரியவர் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு வெளியே போய்விட்டார். இன்னொருவர், “படிச்சவுக சொன்னா கேட்டுக்கிடுறோம். வேற என்ன செய்ய?” என்றார். அவர் சத்தம் போட்டிருந்தால் தேவலாம் என்று இருந்தது மகிமாவுக்கு.

ஷெரின் கணினியில் உட்கார்ந்தாள். நீலப் பலகை வந்ததும் நிறுத்தி, எல்லோரையும் பக்கத்தில் கூப்பிட்டு, அது ஏன் வருகிறது என்று விளக்கினாள். சின்ன எழுத்து எங்கே இருக்கிறது என்று காட்டினாள். பொன்னாத்தாள் கையாலேயே அதைச் சொடுக்க வைத்தாள். முடிந்ததும் எண் ஏழைத் தட்டச் சொன்னாள். மருந்து தேவையில்லை என்று வந்தது. பொன்னாத்தாள் அந்த வரியைச் சத்தமாகப் படித்தாள். யாரும் கை தட்டவில்லை.

பேச்சிமுத்து மகிமாவை வேலையிலிருந்து அனுப்பவில்லை. அனுப்பிவிட்டால் கணினிகளைப் பார்க்க ஆள் இல்லை என்பது ஒரு காரணம். எழுத்தில் எச்சரிக்கை கொடுத்தார். கிளைகளுக்குப் போகும் பொறுப்பை எடுத்துவிட்டார். “நான் ஒன்னைய நம்பித்தான் விசாரிக்காம இருந்தேன்,” என்று மட்டும் சொன்னார். அன்று வீட்டில் மகிமா பொன்னுராஜிடம் எல்லாவற்றையும் சொன்னாள். அவர் சாப்பாட்டைத் தள்ளி வைத்துவிட்டுக் கேட்டுக்கொண்டிருந்தார். “அவசரக்காரின்னு சொன்னியே, அதுவும் இந்தப் பொறாமைதானா?” என்றார். அவள் ஆமாம் என்றாள்.

பொன்னாத்தாளுக்கு அந்தப் பருவத்தில் மிஞ்சியது கிழக்கு ஒரு ஏக்கர்தான். கருகிய கொடிகளை வெட்டிவிட்டு அடுத்த காய்ப்புக்குக் காத்திருந்தாள். ஊரில் மற்றவர்களுக்கும் பாதிக்குப் பாதி போனது.

அடுத்த ஜூனில் ஷெரினுக்குக் கொச்சியில் வேலை கிடைத்தது. போவதற்கு முன்னால் ஈரத்தை யாரிடமாவது ஒப்படைக்க வேண்டும். தேனியில் அதைப் படிக்கத் தெரிந்த ஒரே ஆள் மகிமாதான். ஷெரின் ஒரு வாரம் பக்கத்தில் உட்கார்ந்து சொல்லிக்கொடுத்தாள். எதையும் மறைக்கவில்லை, விட்டுவிடவும் இல்லை. வேலையைத் தவிர வேறு பேச்சும் இல்லை. கடைசி நாள், “லினக்ஸ்ல புதுசு வந்தா இந்த வரிய மாத்தணும் மேடம். சந்தேகம்னா மெயில் அனுப்புங்க,” என்று சொல்லிவிட்டுப் போனாள்.

மகிமா அந்த நிரலோடு உட்கார்ந்தாள். ஒரு சின்ன மாற்றம் செய்யவே அவளுக்கு இரண்டு நாள் ஆனது. இதை ஷெரின் மூன்று வாரத்தில் எழுதினாள் என்ற நினைப்பு வரும்போதெல்லாம் நெஞ்சில் பழைய எரிச்சல் எழுந்தது. அது வருவது இப்போது அவளுக்குத் தெரிந்தது. வந்தால் எழுந்து போய்த் தண்ணீர் குடித்துவிட்டு வந்து மறுபடி உட்காருவாள்.

செப்டம்பரில் புதிய வடிவத்தை எல்லாக் கிளைகளிலும் போட வேண்டியிருந்தது. வேறு ஆள் இல்லை, மகிமாதான் போக வேண்டும். சின்னமனூரிலும் கம்பத்திலும் யாரும் தடை சொல்லவில்லை. ஓடைப்பட்டிக்கு மட்டும் பேச்சிமுத்து முதலில் போன் போட்டுக் கேட்டார்.

“வரட்டும்ணே,” என்றாள் பொன்னாத்தாள். “நான் பக்கத்துல உக்காந்து பாப்பேன்.”

அப்படியே பக்கத்தில் உட்கார்ந்துகொண்டாள். மகிமா ஒவ்வொன்றாகச் சொல்லிச் செய்தாள். இது பழசை நீக்குகிறது, இது புதுசை இறக்குகிறது, இங்கே அனுமதி கேட்கும், இதனால்தான் கேட்கிறது. பொன்னாத்தாள் தலையை ஆட்டாமல் கேட்டாள். புரியாத இடத்தில் நிறுத்தித் திரும்பக் கேட்டாள். அந்த வருடம் புதிதாகச் சங்கத்தில் சேர்ந்த கர்ணன் என்ற விவசாயி வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார்.

“நல்லாருக்கே. இத நீங்களா பண்ணுனீக?” என்று அவர் கேட்டார்.

ஆமாம் என்று சொல்ல ஒரு நொடி ஆசை வந்தது. ஷெரின் கொச்சியில் இருந்தாள், அவருக்குத் தெரியப்போவதில்லை.

“இல்லண்ணே. ஷெரின்னு ஒரு பொண்ணு பண்ணுச்சு. கூடலூர்க்காரி. நான் போட்டுக் குடுக்குறேன், அவ்வளவுதான்.”

 பொன்னாத்தாள் அவள் முகத்தை ஒரு தடவை பார்த்துவிட்டு விசைப்பலகையைத் தன் பக்கம் இழுத்தாள். ஒற்றை விரலால் எழுத்துத் தேடித் தேடித் தட்டினாள். நான்கு வரி வந்தது. கடைசி வரியைப் படித்ததும் எழுந்து சேலையை இழுத்துச் செருகிக்கொண்டாள்.

“மருந்தடிக்கச் சொல்லுது. நீயும் வா, ஓஸ் பைப்பப் பிடிக்க ஒரு ஆள் கொறையுது,” என்றாள்.

மகிமா பையை மேசையிலேயே வைத்துவிட்டு அவள் பின்னால் போனாள்.